புதுப்பிப்பு: சர்ச் வாசலில் வண்டி நிறுத்தும் தொல்லை

ஞாயிறு காலைப் பூசைக்கு வருகிறவர்கள் எங்கள் கேட்டை மறித்து காரை நிறுத்துகிறார்கள் என்று போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடி பாதிரியாரையே போய்ப் பார்த்தேன். முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். மனிதர் கூடவே நடந்து வந்து பார்த்துவிட்டு, அடுத்த பூசை முடிவில் அறிவித்தும் விட்டார்.

கேட் இப்போது காலி. ஆனால் அதே கார்கள் தெருமுனைக்கு நகர்ந்துவிட்டன! திருப்பத்தில் வண்டி நின்றால் எதிரே வருவது தெரியாது. பாதி பானெட்டை வெளியே நீட்டிய பிறகுதான் பார்க்கவே முடிகிறது. நேற்று ஒருவர் வந்த வேகத்தில் என் பக்கக் கண்ணாடி மடங்கிப்போனது. "பூசைக்கு லேட்டாயிடுச்சு" என்று கையாட்டிவிட்டுப் போய்விட்டார். (பாவமன்னிப்பு உள்ளேயே கிடைக்கும் போல.)

முனையில் கூம்பு வைத்து, ஆள் நிறுத்துவதாகப் பாதிரியார் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு எழுதுகிறேன்.