புதுப்பிப்பு: துபாய் கிடங்குக் கூரையில் சோலார் பேனல், எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுவது?

மாதம் ஒருமுறை கழுவினால் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது. வளைகுடாவில் கழுவாத பேனல் நாளுக்குச் சுமார் அரை சதவீதம் உற்பத்தியை இழக்கும் என்பது பொதுக்கணக்கு. மாதக் கடைசியில் நம் மீட்டரிலும் அது நன்றாகவே தெரிந்தது.

இப்போது பத்து நாளைக்கு ஒருமுறை. ஷமால் (வடமேற்கிலிருந்து வரும் புழுதிக் காற்று) அடித்தால் நாள் பார்ப்பதில்லை, மறுநாள் விடியலிலேயே ஏறிவிடுகிறோம்.

நான் கவனிக்காமல் விட்டது பனிதான். இரவில் பனி இறங்கித் தூசியோடு வழிந்து, கீழ்ச் சட்டத்தை ஒட்டி விரல் அகலத்துக்குச் சேற்றுப்பட்டையாகக் காய்ந்து கிடந்தது. வெறும் துணிக்கு அசையவில்லை. எங்கள் பேனல்களின் நீளப்பக்கம் மேலிருந்து கீழாக வருமாறு பொருத்தியிருப்பதால், அந்தப் பட்டை கீழ்வரிசை செல்களை மறைத்தாலே பேனல் முழுவதும் அடி வாங்குகிறது. சாய்வு குறைவான கூரை வைத்திருப்பவர்கள் முதலில் அந்த விளிம்பைப் பாருங்கள்.

அப்புறம், போர் தண்ணீர் வேண்டாம், உப்பு வெள்ளையாகப் படியும். ஆர்ஓ தண்ணீர், மென்மையான பிரஷ். வெயில் ஏறிக் கண்ணாடி கொதிக்கும்போது தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள், கழுவுகிற ஆட்களுக்கும் அந்த நேரம் ஆபத்து.