சிட்டிய விட்டு புறநகருக்கு போலாமா?

ரெண்டு சின்ன பசங்க, சிட்டில வாடகையும் சத்தமும் தாங்கல, ஒரு மணி நேரம் தள்ளி அமைதியான ஏரியால வீடு பாக்குறோம், அந்த மாதிரி எடத்துல இருக்கவங்க சொல்லுங்க, போரடிக்குமா?

பதில்: பசங்களுக்கு நல்லதுங்க, சாயங்காலம் ஆனா தெருவெல்லாம் சைக்கிள்தான். ஆனா லீவு நாள்ல போய் வீடு பாக்காதீங்க, திங்கக்கிழமை காலைல 8 மணிக்கு அங்கருந்து ஆபீஸ் வரைக்கும் ஒருதடவ வந்து பாருங்க, அந்த ஒரு மணி நேரம் நிஜமா எவ்ளோன்னு அப்பதான் தெரியும்.

பதில்: கடைசி ட்ரெயின் எப்பன்னு விசாரிங்க, அத விட்டா வாடகைல மிச்சம் பண்ணதெல்லாம் டாக்ஸிக்கே போயிரும். நைட்ல தொறந்திருக்க ஆஸ்பத்திரியும் பக்கத்துல வேணும், பசங்களுக்கு காய்ச்சல் ராத்திரி 2 மணிக்குதான் வரும் 😄

பதில்: இப்ப போரடிக்காது. பசங்க டீனேஜ் வரட்டும், டியூஷன், ஃப்ரெண்டு வீடுன்னு எல்லாத்துக்கும் நீங்கதான் டிரைவர்.