கிரேக்கத் தோழியின் அம்மா எழுதும் செய்திகளில் ; எதற்கு?

தேன்சிட்டு:
ஜெர்மனியில் என்னோடு அறையில் இருந்த தோழி இப்போது தெசலோனிகியில் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டாள். நான் ஒருமுறை அங்கே போய்த் தங்கியதிலிருந்து அவள் அம்மா எனக்கு வைபரில் எழுதிக்கொண்டே இருக்கிறார். அவருக்குக் கிரேக்கம் மட்டும்தான் தெரியும், எனக்கு அது தெரியாது, அதனால் செயலியில் போட்டு ஆங்கிலத்தில் படிக்கிறேன். நேற்று வந்ததை நம் எழுத்தில் தருகிறேன்: "தி கானிஸ், மாத்யா மு; மாஸ் லீப்பிஸ். எஃபயெஸ்; ஃபிலாக்யா." செயலி தந்தது: என்ன செய்கிறாய் என் கண்கள், எங்களிடமிருந்து நீ காணவில்லை, நீ சாப்பிட்டாய். பல செய்திகள் ; என்றே முடிவதால், மீதி வரும் என்று காத்திருந்து பதில் போடாமலே விட்டிருக்கிறேன். மனசு கஷ்டமாக இருக்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

கடலோரம்:
அது அரைப்புள்ளி இல்லை, கிரேக்கத்தில் கேள்விக்குறியே அதுதான். ஆமா, இல்லை என்று பதில் சொல்கிற கேள்விக்கு நம் மொழியில் 'ஆ' சேர்ப்போம், ஆங்கிலத்தில் சொற்களின் வரிசை மாறும், கிரேக்கத்தில் எழுத்தில் ஒன்றுமே மாறாது, குரல்தான் ஏறும். "எஃபயெஸ்" என்றால் சாப்பிட்டாய், "எஃபயெஸ்;" என்றால் சாப்பிட்டாயா. நகலெடுக்கும்போது அந்தக் குறி விட்டுப்போனால் செயலி என்ன செய்யும்? கிரேக்கர்களுக்கு அரைப்புள்ளி வேறு, வரிக்கு மேலே நிற்கும் ஒற்றைப் புள்ளி, அரட்டையில் அதைப் பார்ப்பது அபூர்வம்.

முல்லைக்கொடி:
இதை ஏன் ஆங்கிலம் வழியாகப் படிக்கிறீர்கள்? "மாத்யா மு" சொல்லுக்குச் சொல் 'என் கண்கள்'தான், ஆனால் அது நம் வீட்டில் கூப்பிடுகிற அதே கண்ணு, கண்ணம்மா. "க்ரிஸோ மு" வந்தால் தங்கமே, "ப்ஸிஹி மு" வந்தால் உயிரே. தமிழில் நேராக வைத்தால் கூச்சமே இல்லாமல் உட்காருகிறது, ஆங்கிலத்தில்தான் விறைக்கிறது. "தி கானிஸ்" என்பதும் என்ன வேலை செய்கிறாய் என்ற விசாரணை இல்லை, எப்படி இருக்கிறாய் என்பதுதான். "மாஸ் லீப்பிஸ்" அமைப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அதில் எழுவாய் நீ, குறை எங்களுக்கு. நீ இல்லாதது எங்களுக்குக் குறையாக இருக்கிறது என்று எழுதினால் ஏறக்குறைய அப்படியே வந்துவிடும். நாளைக்கு "அகாப்பி மு", என் அன்பே, என்று வந்தாலும் பதற வேண்டாம், காதலருக்கு மட்டுமில்லை, அம்மாக்கள் பிள்ளைகளிடமும் சொல்வார்கள்.

தேன்சிட்டு:
ஐயோ, அத்தனை நாளும் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார், நான் சும்மா இருந்திருக்கிறேன். எனக்கும் நீங்கள் இல்லாதது குறைதான் என்று எப்படி எழுதுவது?

கடலோரம்:
"கி எமேனா மு லீப்பெதெ." லீப்பெதெ என்பது 'நீங்கள்' போட்ட வடிவம், பெரியவர்களிடம் அதுதான் மரியாதை. அவரே 'நீ' என்று சொல் என்றால் லீப்பிஸ் ஆக்கிக்கொள்ளலாம். கடைசியில் ஃபிலாக்யா சேர்த்துவிடுங்கள், சின்னச் சின்ன முத்தங்கள் என்று பொருள், நெருங்கியவர்கள் செய்தியை முடிக்கும்போது போடுவது. அப்புறம், நீங்கள் ஏதாவது கேட்டால் கேள்விக்கு ; போடுங்கள்.