பழைய வைன் சாமான்களை மொத்தமாக வாங்கலாமா? குடுவைக்குள் வெள்ளைப் படலம் இருக்கிறது (அவசரம்)

புளிக்காத பழம்:
அனைவருக்கும் வணக்கம். வீட்டிலேயே வைன் செய்து பார்க்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்த் தங்கவிருக்கும் பெரியவர் ஒருவர், தம்மிடமுள்ள சாமான்கள் அனைத்தையும் சேர்த்து 180க்குத் தருவதாகச் சொல்கிறார். பிரித்துக் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. பெரிய கண்ணாடிக் குடுவைகள் மூன்று, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளிகள் இரண்டு, ரப்பர் குழாய்கள், மிதக்கும் அளவுமானி (சாற்றின் அடர்த்தியை நீரோடு ஒப்பிட்டுக் காட்டுவது), கார்க் அடிக்கும் கருவி, சிறிய மரப் பீப்பாய், செப்புச் சுருள் ஆகியவை இருக்கின்றன. இரண்டு குடுவைகளின் உட்புறத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. தண்ணீர் விட்டுக் குலுக்கியும் போகவில்லை. இது நஞ்சா, வாங்கலாமா என்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் கூற வேண்டும்.

ஈஸ்ட் அக்கா:
வணக்கம் தம்பி. 180 என்றால் டாலரா, பவுண்டா, ரூபாயா? எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? குடுவை எத்தனை லீற்றர்? பெரியவர் அதில் வைன் செய்தாரா, பீர் செய்தாரா, கடைசியாக எப்போது பயன்படுத்தினார்? வெள்ளைப் படலம் அடியில் இருக்கிறதா, கழுத்துக்குக் கீழே வளையமாக இருக்கிறதா, பக்கமெங்கும் பரவியிருக்கிறதா? இவை தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

கண்ணாடிக்காரன்:
கண்ணாடி மட்டுமே நிரந்தரம். பிளாஸ்டிக் வாளிகளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேய்த்துக் கழுவும்போது உட்புறத்தில் விழும் மெல்லிய கீறல்களுக்குள் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். எந்தக் கிருமிநாசினியும் அங்கே முழுமையாகப் போய்ச் சேராது.

பழைய சரக்கு:
இக்கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பொறுமை இக்காலத்தவருக்கு இல்லை. படலத்தைப் பற்றிக் கவலைப்படும் நண்பர் செப்புச் சுருளைப் பற்றிக் கவலைப்படாதது வியப்பளிக்கிறது. அது சாராயம் காய்ச்சி வடிக்கும் சுருள். வைனுக்கும் பீருக்கும் அதில் வேலையே இல்லை. காவல்துறையினர் வீட்டுக்கு வந்த பிறகு இழை தொடங்குவதைவிட, முன்பே யோசிப்பது நல்லது.

அண்ணாநகர் வாசகர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சென்னையில் இத்தகைய சாமான்கள் எங்கே பழையதாகக் கிடைக்கும்?

ஈஸ்ட் அக்கா:
அண்ணாநகர் வாசகருக்கு: 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் மது தயாரிப்பதே குற்றம் என்பதால், அங்கே இதைத் தொடங்க வேண்டாம். நாடு எது என்று முதலில் கேட்டதும் இதற்காகத்தான். பிரிட்டனில் 1963 முதல் வீட்டுப் பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை வைனும், அதே அளவு பீரும் சொந்தப் பாவனைக்காகச் செய்யலாம் என்று கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. விற்பதற்கு இந்த அனுமதிகள் பொருந்தா.

மெல்பர்ன் மாமரம்:
செப்புச் சுருளைக் கண்டவுடன் சாராயம் என்று முடிவுகட்டுவது சரியன்று. பீருக்காக மால்ட் (முளைகட்டிய தானியம்) சாற்றை ஒரு மணிநேரம் கொதிக்க வைத்த பின், ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்கு, ஏறக்குறைய 20 பாகை செல்சியசுக்கு, விரைவாக இறக்க வேண்டும். அதற்காகப் பானைக்குள் அமிழ்த்தி, சுருளுக்குள் குளிர்ந்த குழாய்நீரை ஓடவிடுவார்கள். சுருளின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து, பானையின் விளிம்பைத் தாண்டி வெளியே வந்து, தோட்டக் குழாயை மாட்டும் வசதியோடு இருந்தால் அது குளிர்விப்பான்தான். வடிக்கும் சுருளில் ஆவி உள்ளே போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்திருக்கும். இதில் தண்ணீர் உள்ளே, சாறு வெளியே.

பழைய சரக்கு:
பாடம் எடுத்ததற்கு நன்றி. இரண்டுக்கும் அதே செப்புக் குழாயைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை நண்பர் மறைத்துவிட்டார்.

மெல்பர்ன் மாமரம்:
ஐயா, மறைக்கவில்லை. குழாய் ஒன்றாக இருக்கலாம். வளைத்திருக்கும் விதத்தை வைத்தே என்ன வேலைக்கானது என்று அறிய வேண்டும் என்றுதான் எழுதினேன்.

பிளீச் பிரியன்:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? குடுவையில் பிளீச்சை ஊற்றி ஓர் இரவு விட்டால் எல்லாம் போய்விடும். பீப்பாய்க்கும் அதே மருந்துதான்.

புளிக்காத பழம்:
விவரங்களை விட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் கனடா, ஒன்ராறியோ, மார்க்கம். கனேடிய டாலர். பெரியவர் இத்தாலியர், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பெட்டி பெட்டியாகத் திராட்சை வாங்கி வைன் செய்வாராம், மகன் சில காலம் பீர் செய்தாராம். குடுவைகள் 23 லீற்றர். நான்கைந்து வருடங்களாக நிலவறையில் கிடந்திருக்கின்றன. ஒன்றில் பக்கமெங்கும் மங்கலான வெண்மை இருக்கிறது. மற்றதில் அடிப்பாகத்தில் சொரசொரப்பாக, கல் உப்பைத் தூவியது போல ஒட்டியிருக்கிறது. ஒரு வாளியில் மிளகாய் ஊறுகாய் வாசம் வருகிறது. அவருடைய மனைவி அதில் காய்களை ஊறப்போடுவாராம்.

சோதனைக் குழாய்:
இப்போது பதில் சொல்ல முடிகிறது. பிளீச் பிரியனின் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். பிளீச்சிலுள்ள குளோரின் மரத்தையும் கார்க்கையும் தொட்டால், பூஞ்சைகளின் துணையோடு, ஈரமான அட்டைப்பெட்டியின் நாற்றத்தைத் தரும் சேர்மம் உருவாக வாய்ப்புண்டு. மிகச் சிறிய அளவே வைனைக் கெடுக்கப் போதுமானது. அதைவிட முக்கியமானது, பிளீச் இருந்த பாத்திரத்தில் வினிகரையோ வேறு அமிலத்தையோ ஊற்றினால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். நான் கீழே சொல்லப்போவது அமிலச் சோதனை என்பதால் இரண்டையும் எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள்.

பக்கமெங்கும் மங்கலாக இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவம். சோடா சார்ந்த துப்புரவுத் தூளைக் கடினநீரில் கரைத்து நாட்கணக்கில் விட்டிருந்தாலும் அதே படிவம் வரும். சிறிது வெள்ளை வினிகரை உள்ளே ஊற்றிச் சாய்த்துப் பிடியுங்கள். நுண்குமிழிகள் எழுந்து படலம் கரைந்தால் அது சுண்ணாம்புதான். அடியில் கல் உப்பைப் போலிருப்பது, வைன் செய்த வீடு என்பதால், டார்டார் படிகமாக இருக்கலாம். திராட்சையிலேயே உள்ள பொருள் அது, நஞ்சன்று. குளிர்ந்த நீரில் எளிதில் கரையாததால்தான் நீங்கள் குலுக்கியும் போகவில்லை. வெதுவெதுப்பான நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி ஓர் இரவு விட்டால் இளகிவிடும். கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், இவ்வகைக் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காமல் விரிசல் விடும். அமிலம், சோடா இரண்டையும் தனித்தனியாக, இடையில் நன்கு அலசிப் பயன்படுத்திய பிறகும் வெண்மை நீடித்தால், அது படிவமாக இல்லாமல் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கலாம். விரலால் தடவும்போது சொரசொரப்பாக இருந்தால் அந்தக் குடுவைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கண்ணாடிக்காரன்:
நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். ஊறுகாய் வாளியை வீசிவிடுங்கள்.

ஈஸ்ட் அக்கா:
ஊறுகாய் வாளி வேண்டாம் என்பதை ஏற்கிறேன். பிளாஸ்டிக்குக்குள் ஏறிய வாசம் எளிதில் இறங்காது. ஆனால் கண்ணாடிதான் நிரந்தரம் என்பதை ஏற்க மாட்டேன் அண்ணா. 23 லீற்றர் நிரம்பிய கண்ணாடிக் குடுவை முப்பது கிலோவை நெருங்கும். ஈரக் கையிலிருந்து நழுவி உடைந்து, தையல் போடும் அளவுக்கு வெட்டுப்பட்டவர்கள் உண்டு. கழுத்தில் மாட்டும் கம்பிப் பிடியைப் பிடித்து நிரம்பிய குடுவையைத் தூக்கவே கூடாது. அது வெற்றுக் குடுவைக்கானது. பால் போத்தல்களை அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் இறக்கி, பெட்டியைப் பிடித்துத் தூக்குங்கள். முதல் சில நாட்கள் நுரை பொங்கும் கட்டத்துக்கு, கீறலில்லாத, உணவுக்குரிய பிளாஸ்டிக் வாளியே வசதி. விலையும் அதிகமில்லை என்பதால் புதிதாக வாங்குங்கள்.

கண்ணாடிக்காரன்:
தையல் போட்டவர்கள் அவசரக்காரர்கள். நான் இத்தனை காலமாகக் கண்ணாடியைத்தான் தூக்குகிறேன்.

மெல்பர்ன் மாமரம்:
வாங்கும் முடிவுக்கு வருவோம். ரப்பர் குழாய், ரப்பர் அடைப்பான், ஏர்லாக் (நொதிக்கும்போது எழும் வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) ஆகியவற்றின் மதிப்பைச் சுழியம் என்று வையுங்கள். நீண்ட குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வழியில்லை, புதியவை மலிவு. பீப்பாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: வினிகர் வாசம் வந்தால் அதைப் பூந்தொட்டியாக்கலாம், வைனுக்கு ஆகாது. வருடக்கணக்கில் காய்ந்து கிடந்திருந்தால் பலகைகள் சுருங்கி ஒழுகும். வாசம் நன்றாக இருந்தாலும் தொடக்கநிலையில் பீப்பாய் தேவையில்லை. சிறிய பீப்பாயில் வைனுக்கு மரச்சுவை மிக விரைவில் ஏறிவிடும், காற்றும் மிகுதியாகப் புகும்.

கார்க் அடிக்கும் கருவி தரையில் நிற்கும் வகையாக இருந்தால், இந்தத் தொகுப்பில் பணம் பெறும் பொருள் அதுவே. நெம்புகோலை அழுத்தி, கார்க்கை நெரிக்கும் தாடைகள் சமமாக மூடுகின்றனவா, விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிர் இருந்தால் ஒவ்வொரு கார்க்கின் பக்கத்திலும் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியாக வைன் கசியும். ஒரு கார்க்கையும் வெற்றுப் போத்தலையும் கையோடு கொண்டுபோய் அடித்துப் பார்ப்பதே சிறந்த சோதனை.

சோதனைக் குழாய்:
அளவுமானியையும் சோதியுங்கள். 20 பாகைச் சூட்டிலுள்ள தூயநீரில் அது 1.000 என்று காட்ட வேண்டும். பழைய மானிகள் சில 15.6 பாகைச் சூட்டுக்கு அளவு குறிக்கப்பட்டவை. கண்ணாடித் தண்டுக்குள் இருக்கும் காகித அளவுகோல் நழுவியிருந்தால் எண் மாறும்.

பழைய சரக்கு:
இவ்வளவு எழுதியும், கடைசியில் எதனால் கிருமிநீக்கம் செய்வது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் 50 கிராமை 4 லீற்றர் நீரில் கரைத்து அலசினால் போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அதன் ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. அழுக்குப் போகாத பாத்திரத்தில் எந்தக் கிருமிநாசினியும் பயன் தராது என்பதையாவது புதியவர்கள் மனத்தில் பதித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

ஈஸ்ட் அக்கா:
நல்ல பதில் ஐயா. இதையே முதலில் எழுதியிருக்கலாம்.

புளிக்காத பழம்:
அனைவருக்கும் நன்றி. வினிகருக்கு மங்கல் குடுவை நுரைத்து, கண்ணெதிரே தெளிந்தது. மற்றதில் பெரியவரின் அனுமதியோடு சோடா ஊற்றி வைத்தோம். மறுநாள் படிகம் தகடாகப் பெயர்ந்து வந்தது. பீப்பாய் புளித்த நாற்றம் அடித்ததால் விட்டுவிட்டேன், ஊறுகாய் வாளியையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். 140க்கு முடிந்தது. அளவுமானி வெற்றுத் தண்ணீரில் 1.004 காட்டுகிறது, அதை வைத்துச் சமாளிக்கலாமா?

சோதனைக் குழாய்:
நீரின் சூட்டைச் சரிபார்த்த பிறகும் 1.004 தான் என்றால், ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் 0.004 கழித்துக்கொள்ளலாம். தொடக்க, இறுதி அளவீடுகளின் வேறுபாட்டை 131 ஆல் பெருக்கி மதுவீதத்தை மதிப்பிடும்போது, இரண்டிலும் ஒரே பிழை இருப்பதால் விடை மாறாது. நொதித்தல் முடிந்ததா என்று பார்க்கையில்தான் ஏமாற்றும்: மானி 0.999 காட்டும்போது உண்மையில் 0.995 ஆக இருக்கும். அளவுகோல் மேலும் நழுவக்கூடும் என்பதால், முடிந்தால் புதிய மானி ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பழைய சரக்கு:
செப்புச் சுருளின் முனைகள் எப்படி வளைந்திருக்கின்றன என்று படம் எடுத்துப் போடவும்.

மெல்பர்ன் மாமரம்:
நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.