புதுப்பிப்பு: ஃபிலிம் எஸ்எல்ஆர் முடிவாகிவிட்டது, நிக்கான் எஃப்80

குறைந்த விலையில் ஆட்டோஃபோகஸ் ஃபிலிம் கேமரா எது வாங்கலாம், கையில் நிக்கானின் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் கேனான் ஈஓஎஸ் பக்கம் கை காட்டினீர்கள். கடைசியில் எஃப்80 வாங்கிவிட்டேன்.

லென்ஸ்தான் காரணம். இந்த டி லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது, கேமரா பாடியில் இருக்க வேண்டும். எஃப்80-இல் இருக்கிறது. அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) அளவை மாற்றும் வளையம் இல்லாத நிக்கான் ஜி லென்ஸ்களும் இதில் முழுமையாக வேலை செய்யும். பழைய எஃப்90-இல் அவற்றை மாட்டினால் பி (எல்லாம் தானாக), எஸ் (ஷட்டர் வேகம் மட்டும் நம் கையில்) மோடுகள் மட்டும்தான். பின்னாளில் வந்த ஈ வகை, ஏஎஃப்-பி லென்ஸ்கள் மட்டும் இதற்கு ஆகாது. பழைய மேனுவல் லென்ஸ் வைத்திருப்பவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள்: அவற்றை மாட்டினால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் இயங்காது.

ஈஓஎஸ் வாங்குபவர்களுக்கு ஒன்று. 1987-இல் வந்த ஈஓஎஸ் 650 காலத்து பாடி என்றால், பின்கதவைத் திறந்து ஷட்டர் தகடுகளை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு வயதாகி உருகி, தார் மாதிரி கறுப்பாகத் தகட்டில் ஒட்டியிருக்கலாம். அப்படி இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அப்புறம் பேட்டரி. எஃப்80-க்கு சிஆர்123ஏ இரண்டு வேண்டும், எல்லாக் கடையிலும் கிடைக்காது. வெளியூர் போகும்போது கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துப் போவது நல்லது.

முதல் ரோல் டெவலப்பிங்கில் இருக்கிறது. வந்ததும் படங்களைப் போடுகிறேன்.