புதுப்பிப்பு: மோட்டார் ரிப்பேர் கடைக்கு போன் வர ஆரம்பித்துவிட்டது

சேலம் அம்மாப்பேட்டையில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்தும் ஒரு போன்கூட வரவில்லை என்று போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

நீங்கள் சொன்னபடி கூகுள் மேப்பில் கடையைச் சேர்த்தேன். காசு கிடையாது. ஆனால் கடை நிஜமாகவே இருக்கிறதா என்று பார்க்க, போர்டு, தெரு, டூல்ஸ் எல்லாம் தெரிகிற மாதிரி கூகுளில் வீடியோ கேட்டார்கள். முதல் தடவை தேறவில்லை. போர்டில் ஒரு பெயர், மேப்பில் ஒரு பெயர் கொடுத்திருந்தேன். என் தப்புதான். ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி கொடு என்றார் ஒருவர். அது கூகுள் விதிக்கே விரோதம், விட்டுவிட்டேன்.

உண்மையில் கைகொடுத்தது மோட்டாரை ஆன் செய்கிற ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒட்டிய கடை நம்பர் ஸ்டிக்கர். மோட்டார் ஓடாத அன்று எல்லோரும் முதலில் போய் நிற்பது அதன் முன்னால்தானே! பொன்னம்மாப்பேட்டையில் ஒரே அபார்ட்மென்டில் மூன்று வீட்டு வேலை கிடைத்தது. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம்தான் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.