கேஷுவாலிட்டில எக்ஸ்ரே கூட எடுக்கல, பிசியோ வந்து நடக்க வச்சு அனுப்பிட்டாங்க, சரியா இது?

நைட்ஷிஃப்ட்காரன்:
நேத்து காலைல கீழ கிடந்த சாக்ஸ எடுக்க குனிஞ்சேன், அவ்ளோதான், இடுப்பு புடிச்சிக்கிச்சு. கேஷுவாலிட்டி போனா ஒரு ஊசி, அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்து கால் பெருவிரல மேல தூக்க சொல்லி அமுக்கி பாத்தாரு, யூரின் ஒழுங்கா போகுதான்னு ரெண்டு தடவ கேட்டாரு, கடைசில பத்தடி நடக்க வச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்ல எல்லாரும் ரெண்டு வாரம் அசையாம படுன்றாங்க. யார் சொல்றத கேக்கறது?

பழையபிசியோ:
அவர் கேட்ட கேள்விதாங்க டெஸ்டே. பெருவிரல்ல பலம் குறைஞ்சிருந்தா நரம்பு அமுங்குதான்னு யோசிப்போம். அடிபட்டது, காய்ச்சல், முன்னாடி கேன்சர் வந்தது, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறது இதெல்லாம் இல்லன்னா உடனே ஸ்கேன் தேவையில்ல. வலியே இல்லாத 20 வயசுக்காரங்கள ஸ்கேன் பண்ணாலே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கி தெரியும், அந்த ரிப்போர்ட்ட பாத்து பயந்து நடக்கறதையே விட்டவங்கள நான் நிறைய பாத்துட்டேன். படுத்தே கிடந்தா தசை இன்னும் இறுகும். பெரும்பாலானவங்களுக்கு 6 வாரத்துக்குள்ள நல்லா குறைஞ்சிடும். எழும்போது நேரா எழாதீங்க, முட்டிய மடக்கி மொத்த உடம்பையும் ஒண்ணா ஒருக்களிச்சு, கால கட்டிலுக்கு வெளிய தொங்கவிட்டுகிட்டே கைய ஊனி எழுங்க.

மூணாவதுமாடி:
எல்லாம் சரி, ஆனா எங்க மாமாவும் சாதா புடிப்புன்னுதான் வீட்டுக்கு வந்தாரு. மூணாவது நாள் உக்காரும்போது அடியில மரத்த மாதிரி இருக்குன்னாரு, யூரின் முட்டுது ஆனா வரல, அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன். அந்த மாதிரி ஏதாவது இருந்தா, இல்ல ரெண்டு காலும் தளர்ந்தா, காலைல பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க ப்ளீஸ்.

பழையபிசியோ:
ஆமா, ரெண்டு தடவ யூரின் பத்தி கேட்டது அதுக்குத்தான். அபூர்வம்தான், ஆனா சில மணி நேரத்துக்குள்ளயே முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

நைட்ஷிஃப்ட்காரன்:
மரத்தல் எதுவும் இல்ல, யூரினும் ஓகே. நீங்க சொன்ன மாதிரி ஒருக்களிச்சு எழுந்தேன், கத்தாம பாத்ரூம் வரைக்கும் போயிட்டேன்! ஆனா தும்மல் வந்தா உயிரே போகுது, அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

பழையபிசியோ:
குனிஞ்சு தும்மாதீங்க. எழுந்து நின்னு ஒரு கைய சுவத்துல ஊனி, முட்டிய லேசா மடக்கிட்டு தும்முங்க.